நிக்காசியா வெட்டிய கரை

நிக்காசியா சம்பில்யாவை நான் முதன்முதலில் பார்த்தது அவள் கல்யாணத்தன்று. ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து படகில் வந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாராவது பலகை போடுவார்களா என்று பார்ப்பார்கள். இவள் முழங்கால் தண்ணீரில் குதித்து, மாப்பிள்ளை செல்சோவுக்குக் கைகொடுத்து இறக்கிவிட்டாள். கரையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். செல்சோவின் அண்ணன் இலாரியோன் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவளுக்குத் 'தீவுக்காரி' என்று பெயர் வைத்தார். அவள் ஊர் தீவே இல்லை. ஆனாலும் அந்தப் பெயர்தான் நிலைத்தது.

இலாரியோனை நான் 'அவர்' என்றுதான் சொல்வேன். ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் அவர். எட்டாவது வரை படித்தவன் என்று, இருபது வயதில் என்னை ஊர்க்கூட்டத்துக்கு எழுத்தராக்கியதும் அவர்தான். இந்தக் கதையை நான் சொல்வதற்கு நான் நல்லவன் என்பது காரணமில்லை. எல்லாவற்றையும் நான் எழுதி வைத்தேன், அதனால் சொல்கிறேன்.

செல்சோவின் பங்குக்கு வந்தது ஏரியை ஒட்டிய தாழ்ந்த நிலம். அங்கே யாரோ எந்தக் காலத்திலோ மேடும் பள்ளமுமாக வெட்டிப்போட்ட தடம் மட்டும் புல்லுக்கு அடியில் தெரியும். ஆடு மேய்க்கப் போன வயதிலிருந்தே செல்சோ ஒன்றைக் கவனித்திருந்தான். உறைபனி இறங்கிய காலைகளில் பள்ளத்துத் தண்ணீரை ஒட்டியிருக்கும் புல் மட்டும் பச்சையாக இருக்கும். கல்யாணமானதும் புருஷனும் பெண்டாட்டியுமாக அந்தப் பள்ளங்களை மறுபடி வெட்ட ஆரம்பித்தார்கள். ஆள் மார்பளவு ஆழத்துக்கு வாய்க்கால், அந்த மண்ணை அள்ளிப் போட்டு நடுவில் உயர்ந்த பாத்தி, பாத்தியில் உருளைக்கிழங்கு, சுற்றிலும் தண்ணீர். மூன்று வருஷ உழைப்பு. மீனுக்குக் கிழங்கு போடுகிறான் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

நாலாம் வருஷம், பூக்கிற பருவத்தில் பனி இறங்கியது. மலைச்சரிவில் இருந்த வயல்களில் பாதி போயிற்று. செல்சோவின் பாத்திகள் நின்றன. விடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வாய்க்காலில் கையை விடச் சொன்னான். மேலே ஆவி பறந்தது. காற்று முகத்தை அறுத்தது. தண்ணீர் அந்த அளவுக்குக் குளிரவில்லை.

"பகல் பூரா வெயில குடிச்சு வெச்சுக்குது லீனோ," என்றான். "சீக்கிரம் சூடாகாது, சீக்கிரம் ஆறவும் ஆறாது. ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா விடும். செடிக்கு அது போதும்."

மறு வருஷம், கடற்கரைப் பக்கம் சரக்கு ஏற்றிப்போன லாரி மலைப்பாதையில் உருண்டு செல்சோ செத்துப்போனான். நிக்காசியாவின் கையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, ஃபெர்மினா.

அடக்கம் முடிந்த வாரமே இலாரியோன் பேச்சை ஆரம்பித்தார். தம்பி நிலம் அண்ணனுக்கு, வெளியூர்ப் பெண் அவள் அம்மா வீட்டுக்குப் போகட்டும் என்றார். முதலில் நல்ல வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவள் ஆடுகள் காணாமல் போயின. அவள் போகவில்லை. தனியாக வாய்க்காலைத் தூர் வாரினாள், தனியாக நட்டாள். அந்த வருஷம் அந்தச் சமவெளியிலேயே தளதளவென்று இருந்தது அவள் பாத்திகள்தான்.

பிப்ரவரியில் வரும் கார்னிவல் திருவிழா வாரம். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. பிற்பகலில் காற்று சட்டென்று நின்றது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அப்படிக் காற்று நின்றால் விடியலில் பனி கொல்லும். ஊர்க்கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து நான் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே இலாரியோன் வந்தார். தோளில் மண்வெட்டி, முழங்கால் வரை சேறு.

"காலைல வந்து பாரு," என்றார் என்னிடம். "தீவுக்காரி வயல் கரிக்கட்டையா கெடக்கும். தண்ணியில்லாம அவ கெழங்கு எத்தன நேரம் தாங்குதுன்னு பாப்போம்."

நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சூப் குடித்துவிட்டுப் படுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

விடிந்தபோது அவள் செடிகள் நின்றபடியே கண்ணாடிபோல் விறைத்திருந்தன. வெயில் பட்டதும் வேகவைத்த கீரைபோலத் தொங்கிக் கறுத்தன. இலைக்குள் இருக்கிற ஈரம்தான் உறைந்து விரிந்து இலையை உள்ளிருந்து கிழிக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாய்க்கால்களில் சேறு மட்டும் இருந்தது. ஏரிப் பக்கத்துக் கரை வெட்டுப்பட்டிருந்தது. மண்வெட்டியின் தடம் அப்படியே தெரிந்தது.

நிக்காசியா ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள். தோளில் குழந்தையோடு நின்று, கரையை வெட்டியது யார் என்று கேட்டாள். இலாரியோன் எழுந்தார். மாடு மிதித்துக் கரை சரிந்திருக்கும் என்றார். அதோடு விடவில்லை.

"அப்படியே யாராச்சும் வெட்டியிருந்தாலும் என்ன? தண்ணிக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்? தண்ணி சூடு குடுக்கும்னா நாம எதுக்குக் கம்பளி நெய்யறோம்? எல்லாரும் ஏரில போய்ப் படுத்துக்கலாமே."

கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று. தீர்மானத்தின் வாசகத்தை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'உறைபனி கடவுள் செயல். வாய்க்காலில் நீர் இருப்பதற்கும் பயிர் கருகுவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இக்கூட்டம் முடிவு செய்கிறது.' அழகான கையெழுத்தில் எழுதினேன். எல்லாரும் விரல் பதித்தார்கள். நிக்காசியா பதிக்கவில்லை. அவள் பார்வை கொஞ்ச நேரம் என்மேல் நின்றது. நான் மையை உலர்த்துவதுபோல் குனிந்துகொண்டேன்.

அறுவடை இல்லையென்றால் எங்கள் ஊரில் கிழங்கை உறையவைத்துக் காயவைத்துச் சேர்த்து வைக்கவும் வழியில்லை. ஆகஸ்டில் அவள் வீட்டில் எதுவும் இல்லை. செப்டம்பரில் ஃபெர்மினா இருமலில் இறந்தாள். இருமல்தான் என்று எல்லாரும் சொன்னோம். அந்தப் பிள்ளையின் கை எவ்வளவு மெலிந்திருந்தது என்பதை அடக்கத்துக்கு வந்த எல்லாரும் பார்த்தோம்.

மண் தள்ளி முடித்தபிறகு நிக்காசியா நேராக இலாரியோன் முன்னால் போய் நின்றாள். அழவில்லை.

"உன் வயல் கருகறத நான் இருந்து பாப்பேன். அதுக்காகச் சாப்பிடுவேன், அதுக்காகத் தூங்குவேன். நீ சாகாம பாத்துக்க. நான் பாக்கறதுக்கு முன்னாடி செத்துடாத."

அதற்குப் பிறகு அவள் உயிர் வாழ்ந்தது பிடிவாதத்தால்தான். கோரையின் வெள்ளைக் குருத்தைத் தின்றாள். வாய்க்கால் மீனைத் தின்றாள். எங்கள் பக்கத்தில் குளிர்காலம் ஜூன், ஜூலைதான்; அப்போது வாய்க்கால்களின் மேல் பனிக்கட்டி மூடிக்கொள்ளும். அது மூழ்காமல் மேலேயே மிதக்கும். அடியில் தண்ணீர் உறையாமல், மீன் செத்துப்போகாமல் இருக்கும். கல்லால் அந்த மூடியை உடைத்துக் கூடையை விடுவாள். அடிச் சேற்றை அள்ளிப் பாத்தியில் போட்டாள். அதைவிட நல்ல எரு எங்கள் பக்கத்தில் கிடையாது. வெயில் காலத்தில் அந்த மண்ணில் உப்புப் பூக்கும். வாய்க்கால் தண்ணீர் உப்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். பக்கவாட்டில் கசிந்து வேர் வரைக்கும் தானாக ஏறவும் செய்யும். செல்சோ விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒரு வாய்க்கால் நீட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் வாய்க்குள் ஏதோ சொல்வாள். செபம் என்று நினைத்து நான் ஒருநாள் அருகில் போனேன். "இலாரியோன்." மண்வெட்டி இறங்கும். "இலாரியோன்." மறுபடி இறங்கும்.

பிள்ளை போன ஆறாம் வருஷம் பூனோ நகரத்திலிருந்து பொறியாளர்கள் வந்தார்கள். அவர்களில் ஓர் இளம்பெண் நிக்காசியாவின் பாத்திகளைப் பார்த்துவிட்டுப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய்க்கால் ஓரத்திலும் வெறும் வயலிலும் வெப்பமானிகளைக் கட்டி, ஒரு மாதம் விடியற்காலையில் வந்து குறித்தாள். வாய்க்கால் நடுவே இருந்த பயிருக்குக் குளிர் இரண்டு டிகிரி குறைவு. அந்த இரண்டு டிகிரிதான் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருக்கிறது என்று ஊரைக் கூட்டிச் சொன்னாள். எல்லாருக்கும் வாய்க்கால் வெட்டத் திட்டம் வந்தது. வெட்டுகிறவர்களுக்கு மாவும் எண்ணெயும் கொடுத்தார்கள்.

திட்டக்குழுவின் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? இலாரியோன்தான். வெளியிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தபோது, இது எங்கள் குடும்பம் கண்டுபிடித்தது என்று பேசினார். சிறுவயதில் தானும் தம்பியும் ஆடு மேய்க்கையில் கவனித்தது என்றார். நீர் பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்து இரவில் பயிருக்குக் கொடுக்கிறது என்று கையை விரித்துச் சொன்னார். அந்தப் பேச்சையும் நான் கூட்டப் புத்தகத்தில் எழுதினேன். கூட்டத்தின் ஓரத்தில் நிக்காசியா நின்றிருந்தாள். காறித் துப்பப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். பிள்ளை போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்போது எனக்கு எதுவும் புரியவில்லை.

இலாரியோனின் புதுப் பாத்திகள் நிக்காசியாவின் நிலத்துக்குக் கீழே அமைந்தன. மலையடி ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் அவள் வாய்க்கால் வழியாகத்தான் அவருக்குப் போக வேண்டும். சண்டை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். வரவில்லை. முறை வைத்து, ஒரு நாள்கூடப் பிசகாமல் திறந்துவிட்டாள். வயதாகி மனம் ஆறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். இலாரியோனின் மருமகள் தெல்ஃபினா வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று அவளோடு கதை பேசுவாள். தெல்ஃபினாவின் புருஷன், இலாரியோனின் மகன், கடற்கரைப் பக்கம் வேலையில் இருந்தான். அவளுக்கும் சின்னப் பையன் ஒருவன்.

பதினோராம் வருஷம் சிலுவைத் திருவிழாவை எடுத்து நடத்தும் பொறுப்பை இலாரியோன் ஏற்றார். ஊருக்கே சாப்பாடு, பீர், இரண்டு பாண்டு வாத்தியக் குழு. அதற்காக மலைச்சரிவைத் தரிசாகப் போட்டுவிட்டு, இருந்த விதைக் கிழங்கு முழுவதையும் கீழ்ப் பாத்திகளில் நட்டார். வாய்க்கால் இருக்கும்போது என்ன பயம் என்றார். பிப்ரவரியில் வயல் முழுக்க ஊதாப் பூவாக இருந்தது. நிக்காசியா தினமும் வந்து அந்தப் பூக்களைப் பார்த்துவிட்டுப் போனாள்.

கார்னிவலுக்கு முந்தின வியாழக்கிழமை, மேகம் ஒன்றும் இல்லாமல் விடிந்தது. சந்தைக்குப் போகிறவர்கள் பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். வாத்தியக் குழுவோடு பேசி முடிக்க இலாரியோன் பூனோவுக்குப் போயிருந்தார். நிக்காசியா மண்வெட்டியோடு வந்தாள். அவருக்குப் போகும் மடையைப் புல்கட்டியால் அடைத்தாள். பிறகு நடந்துபோய், ஏரிப் பக்கத்தில் அவர் கரையை வெட்ட ஆரம்பித்தாள். மறைத்துச் செய்யவில்லை. பாதையில் போனவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். நானும் நின்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள்.

"லீனோ, அன்னைக்கு நீ பாதையில நின்னு தலையாட்டினத நான் கோரைக்குள்ள இருந்து பாத்தேன். இன்னைக்கும் நல்லா பாத்துக்க."

யாரும் மண்வெட்டியைப் பிடுங்கவில்லை. பிடுங்கியிருக்கலாம், இருபது பேர் இருந்தோம். அந்தப் பெண் குழந்தையின் அடக்கத்துக்கு வந்திருந்தவர்கள்தான் எல்லாரும்.

தெல்ஃபினா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். நிக்காசியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னத்தே, நாங்க என்ன பண்ணோம்? இந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?"

நிக்காசியா பையனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். மண்வெட்டியைத் தரையில் ஊன்றினாள். இத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணும் பண்ணல," என்றாள். "என் புள்ளயும் ஒண்ணும் பண்ணல. கைய எடு."

மறுபடி குனிந்தாள். மூன்று மணிக்கெல்லாம் வாய்க்கால்கள் வடிந்துவிட்டன. சேற்றில் சின்ன மீன்கள் துள்ளின. அவற்றை அவள் தொப்பியில் பொறுக்கிக் கொண்டுபோய்த் தன் வாய்க்காலில் விட்டாள். நாலு நடை நடந்திருப்பாள்.

சாயங்காலம் லாரியிலிருந்து இறங்கிய இலாரியோன் கத்திக்கொண்டே ஓடினார். கரையை அடைத்தார், மடையைத் திறந்தார். ஆனால் அந்த வாய்க்கால்கள் நிரம்ப இரண்டு நாள் ஆகும். காற்று நின்றுவிட்டது. வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டார். புகை நேராக மேலே போயிற்று.

காலையில் நான் போய்ப் பார்த்தேன். நிக்காசியாவின் வாய்க்கால்களில் ஓரமாக மெல்லிய ஏடுபோலப் பனிக்கட்டி. அதற்கு மேலே ஆவி பாத்திகளைப் போர்த்தியிருந்தது. செடிகள் நனைந்து உயிரோடு நின்றன. இலாரியோனின் செடிகள் வெயில் ஏற ஏறக் கறுத்துக்கொண்டே வந்தன. அவள் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து, கடைசிப் பாத்தி கறுக்கும் வரை பார்த்தாள். பிறகு போய்ச் சமைத்துச் சாப்பிட்டாள்.

மறுநாளே ஊர்க்கூட்டம். பள்ளிக்கூடத்தில் நிற்க இடமில்லை. நிக்காசியாவை ஊரைவிட்டுத் தள்ள வேண்டும், அவள் நிலத்தை நஷ்டத்துக்கு ஈடாகத் தனக்குக் கொடுக்க வேண்டும் என்று இலாரியோன் கேட்டார். தண்ணீரை வடித்துத் தன் பயிரைக் கொன்றுவிட்டாள் என்றார். நிக்காசியா எழுந்து ஒன்றுதான் கேட்டாள். பதினோரு வருஷத்துக்கு முந்தின தீர்மானத்தை லீனோ படிக்கட்டும் என்றாள்.

நான் படித்தேன். வாய்க்காலில் நீர் இருப்பதற்கும் பயிர் கருகுவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கீழே நூற்றுச் சொச்சம் விரல் ரேகை. முதல் ரேகை இலாரியோனுடையது.

"ஊர் போட்ட தீர்மானம் இது," என்றாள். "இன்னைக்கு வரைக்கும் யாரும் மாத்தல. அப்ப நான் எத கொன்னேன்? கரை இடிஞ்சுது, பனி வந்துச்சு. இல்ல, தண்ணிதான் காப்பாத்துதுன்னா, அன்னைக்கு என் கரைய வெட்டினவன் என் புள்ளயக் கொன்னவன். ரெண்டுல எதுன்னு அவரே சொல்லட்டும்."

இலாரியோன் லேசுப்பட்டவர் இல்லை. அப்போது யாருக்கும் தெரியாது, பொறியாளர் வந்து சொன்னபிறகுதானே நமக்கே தெரிந்தது என்றார். தெரியாமல் சொன்னதைக் குற்றமாகப் பிடிக்கலாமா என்று கூட்டத்தைக் கேட்டார். சிலர் தலையாட்டினார்கள். அவர் தப்பித்துவிடுவார் போலிருந்தது. நிக்காசியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தேன்.

"தெரியும்," என்றேன். "மண்வெட்டியோட வந்தாரு. தண்ணியில்லாம அவ கெழங்கு எத்தன நேரம் தாங்குதுன்னு பாப்போம்னு எங்கிட்டச் சொன்னாரு. இவரு விருந்தாளிங்ககிட்டப் பேசினதும் இதுல இருக்கு. சின்ன வயசுலேயே கவனிச்சோம்னு பேசியிருக்காரு. படிக்கவா?"

படிக்க வேண்டியிருக்கவில்லை. என் ஞானத்தகப்பன் என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு, அவள் போயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும், போகச் சொல்லித்தானே செய்தேன் என்றார். அவ்வளவு பேர் நடுவில், தன் வாயாலேயே.

அவர் கோரிக்கை தள்ளுபடியானது. திட்டக்குழுத் தலைவர் பதவி போயிற்று. திருவிழாவை வேறொருவர் எடுத்து நடத்தினார். கூட்டம் கலைந்தபோது நான் நிக்காசியாவின் அருகில் போய் மன்னிப்புக் கேட்க முயன்றேன்.

"பதினோரு வருஷம்," என்றாள். வாசலைப் பார்த்து நடந்துவிட்டாள்.

அந்த வருஷம் தெல்ஃபினாவுக்கும் பையனுக்கும் அவள்தான் சோறு போட்டாள். இரக்கப்பட்டாள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நிபந்தனை வைத்தாள். தினமும் தன் அடுப்படியில் வந்து சாப்பிட வேண்டும், ஒரு கிழங்குகூட இலாரியோன் வீட்டுக்குள் போகக் கூடாது. அறுவடைக்குள் அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இலாரியோன் வாய்க்காலுக்கு எதிர்ப்பக்கம் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து, யாராவது கொடுத்ததைத் தின்றார். பேரன் அவளோடு வாய்க்காலில் மீன் பிடிப்பது அவர் வாசலிலிருந்து நன்றாகத் தெரியும். இரண்டாம் வருஷம் மகனிடம் கடற்கரைக்குப் போனார். அங்கேயே இறந்தார். சேதி வந்தபோது ஊரிலிருந்து அடக்கத்துக்குப் போனது நிக்காசியா மட்டும்தான். ஒரு பகலும் ஓர் இரவும் பஸ்ஸில் போனாள். குழியில் இறக்கி மண் தள்ளும்வரை நின்று பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். ஏன் போனாய் என்று தெல்ஃபினா கேட்டதற்கு, நிச்சயப்படுத்திக்கொள்ள என்று சொன்னாளாம்.

இப்போது அவளுக்கு எழுபது இருக்கும். வாய்க்கால் வேலைக்கெல்லாம் அவள்தான் தலைவி. தூர் வாரும் நாளில் எல்லாருக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பாள். ஏரியின் சேறு மார்பளவுக்கு நிற்கும் கடைசித் துண்டு வருஷா வருஷம் எனக்கு. மதியம் எல்லாரும் கொண்டுவந்த சாப்பாட்டை ஒரே துணியில் கொட்டி, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். போன மாதமும் அப்படித்தான். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவள் தன் வேகவைத்த கிழங்குகளை மட்டும் துணியிலிருந்து திரும்ப அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, தெல்ஃபினாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.